வராதவர்களுக்குக் கூடுதல் கட்டணம்

ஞானச்சோலை மெட்ரிக் பள்ளியின் தாளாளர் அரங்கசாமி, ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஆசிரியர் கூட்டம் போட்டார். பி.எட். படிக்காதவர்கள் இனிமேல் தம் பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது என்றும், வேலையில் நீடிக்க விரும்புகிறவர்கள் மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு பி.எட். கல்லூரியில் சேர்ந்த ரசீதைக் காட்ட வேண்டும் என்றும் அறிவித்தார். அறிவித்த கையோடு, மேசைக்கடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பி.எட். கல்லூரி விண்ணப்பங்களை விநியோகித்தார். அந்தக் கல்லூரியும் அவருடையதுதான். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விண்ணப்பத்தின் மேலேயே அவர் படம் இருந்தது.

"ஏனுங் டீச்சர், நான் யாரையும் வெளிய போகச் சொல்லலீங்க" என்றார் அவர். "தகுதியில்லாதவங்க கையில கொழந்தைகளை உட்டுப்போட்டு, ராத்திரி என்னால தூங்க முடியறதில்லீங்க. இத்தன வருசம் எப்படித் தூங்குனேன்னு நீங்க கேக்கலாம். அப்ப என்கிட்ட காலேஜ் இல்லீங்க."

ஆசிரியைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது நகைச்சுவையா என்பது தெளிவாகாதபோது சிரிக்காமல் இருப்பதுதான் அந்தப் பள்ளியில் வழக்கம்.

அரங்கசாமி அடிப்படையில் பிராய்லர்காரர். பல்லடம் பக்கம் தோட்டத்தில் ஆறு கோழிக் கொட்டகைகள் வைத்திருந்தார். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக்கூலி கிடைக்கும். கூலி கட்டுப்படியாகாமல் போன ஒரு வருடத்தில் அவருக்குக் கல்விச் சேவையில் நாட்டம் பிறந்தது. நான்கு கொட்டகைகளில் கம்பிவலையை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி, ஸ்ரீ ஞானவிருட்சம் கல்வியியல் கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டினார். மீதி இரண்டில் இன்னமும் கோழிகள் இருந்தன. இரண்டு தொழிலையும் பார்த்தவர் என்ற முறையில் அவர் அடிக்கடி சொல்வார்: "கோழிக்கு நாமதானுங்க தீவனம் வாங்கிப் போடோணும். இங்க அந்தச் செலவும் இல்லீங்க."

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் சண்முகப்பிரியா. முப்பத்தெட்டு வயது. எம்.எஸ்சி. கணக்கு. பதினோரு வருடமாக அந்தப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். ஏழாம் வகுப்பு பி பிரிவு அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு ப்ரியா மிஸ். அவள் வகுப்பில் இரண்டே விதிகள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் 'தெரியலை' என்று சொல்ல வேண்டும்; அப்படி நேர்மையாகச் சொன்னவருக்கு வகுப்பே கை தட்டும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அடி கிடையாது, திட்டு கிடையாது. கரும்பலகைக்குப் போய் உண்மையைத் தன் கையால் எழுதிவிட்டு வந்து உட்கார வேண்டும். இந்த விதிகளை அவள் எந்தப் பி.எட். புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்திருந்தால் அவற்றின் ஆங்கிலப் பெயராவது தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் மோகன்குமார் விண்ணப்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவன் கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். சொந்தமாக ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் செய்ய வேண்டும் என்று ஏலச்சீட்டுக் கட்டிவந்தான். சீட்டை எடுக்கும் நேரத்தில்தான் இந்த விண்ணப்பம் வீட்டுக்குள் வந்தது. எதையும் மெஷினாக வைத்து யோசித்தால்தான் அவனுக்குப் பிடிபடும்.

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வரைக்கும் ஆகும்னு போட்டிருக்கு. அதைப் போட்டு இதை வாங்கறோம். வாங்குனா உனக்கு என்ன ஏத்தித் தருவாங்க?"

"மாசம் ஆயிரம்னு சொன்னாங்க."

"அப்ப போட்ட காசு எடுக்கவே பன்னெண்டு வருசம் ஆயிரும். எந்தக் கிறுக்கனாச்சும் பன்னெண்டு வருசத்துல காசு எடுக்கற மெஷினை வாங்குவானா?"

"கவர்மென்ட்டு வேலை கெடச்சா நல்ல சம்பளமுங்க."

"அதுக்கு?"

"தகுதித் தேர்வு எழுதோணும். அதுக்கு மேல இன்னொரு தேர்வு எழுதோணும். அதுக்கு மேல எடம் காலியா இருக்கோணும்."

மோகன்குமார் விண்ணப்பத்தை மடித்து வைத்தான். "மெஷினா இருந்தா ஓடாட்டியும் ஸ்கிராப்புக்காச்சும் போடலாம். இதை என்ன பண்றது?" என்றான். பிறகு, "வாங்கலைன்னா உன்ற வேலை போயிரும். அதானே?" என்று கேட்டான்.

"ஆமாங்."

"அப்பறம் எதுக்குக் கணக்கு? லேத் எங்கயும் போயிராது. நீ போய்க் கட்டு."

கட்டணத்தைக் கல்லூரியில் வாங்குவதில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில், குளிரூட்டிய நகர அலுவலகத்தில்தான் வாங்குவார்கள். தாளாளரே மேசையில் இருந்தார். சுவரில் கட்டண விவரம் இரண்டு வரிகளில் ஒட்டியிருந்தது. வரும் வகை, ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வராத வகை, ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

ப்ரியா அதை இரண்டு தடவை படித்தாள். கணக்கு டீச்சராக இருந்தும் அவளுக்குப் புரியவில்லை.

"ஐயா, காலேஜுக்கே வராம இருக்கறதுக்கு எதுக்குங்க அதிகமாக் கட்டோணும்?"

"நல்லாக் கேட்டீங்க அம்மணி" என்றார் அரங்கசாமி. சுண்டலைக் கொறித்துக்கொண்டே மிகப் பொறுமையாக விளக்கினார். "வர்றவங்களுக்கு நாங்க என்ன பண்றோம்? ஒண்ணும் பண்றதில்லை. வந்தாங்க, உக்காந்தாங்க, போனாங்க. வராதவங்களைப் பாருங்க. தினமும் வந்த மாதிரி காட்டோணும். அவங்க பரீட்சை நோட்டை யாராச்சும் எழுதோணும். படம் வரையோணும். பாடம் நடத்துன மாதிரி ரெக்கார்டு போடோணும். அத்தனையும் எங்க தலையில. அந்த முப்பதாயிரம் எங்க உழைப்புக்குங்க."

"நான் வந்தே படிக்கலாம்னு பாக்கறேனுங்க."

அரங்கசாமியின் முகம் வாடிவிட்டது. "நீங்க காலேஜுக்கு வந்துட்டா என்ற பள்ளிக்கூடத்துல ஏழாவது பியை யார் பாக்கறது? எனக்கு நஷ்டம் பண்ணிப்போட்டு உங்களுக்கு என்ன அம்மணி படிப்பு?"

ப்ரியா ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பணம் கட்டிய கல்லூரியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை, இரண்டு பேருந்து மாறி, தோட்டத்துக்குள் நடந்து போனாள். வாசலில் நின்ற காவலாளி கோழி வாங்க வந்தவள் என்று நினைத்து எத்தனை கிலோ என்று கேட்டார். கல்லூரியைப் பார்க்க என்று சொன்னதும் அவருக்கு வியப்புத் தாங்கவில்லை; கூடவே வந்து காட்டினார்.

நீளமான வகுப்பறைகளில் ஒருவரும் இல்லை. முதல்வர் அறையில் மட்டும் மின்விசிறி ஓடியது. முதல்வர் கோவிந்தராஜுலு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரே சமயத்தில் மூன்று கல்லூரிகளுக்கு முதல்வர் என்பதால் பெரும்பாலும் களைப்பாக இருப்பார். ப்ரியாவின் பெயரைக் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் தேடினார். தேடியவர் நிமிர்ந்து அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"நீங்க காலையிலேயே வந்துட்டீங்களே அம்மா. மறுபடி எதுக்கு வந்தீங்க?"

"இல்லீங்க சார், இப்பத்தான் வாரேன்."

"பாருங்க, இங்க இருக்கீங்க. நேத்தும் இருக்கீங்க. ஒரு நாள்கூட லீவு எடுக்கல. இருக்கறவங்கள்லயே நல்ல மாணவி நீங்கதான். இப்படித் திடீர்னு நேர்ல வந்தா ரெக்கார்டு என்ன ஆகறது?"

ப்ரியா மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் நல்ல மனுஷர். போகும்போது தண்ணீர் கொடுத்து, இனிமேல் வராமல் ஒழுங்காகப் படிக்கும்படி அறிவுரை சொல்லி அனுப்பினார்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, அரங்கசாமி அவளைப் பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மறுநாள் கல்லூரிக்குச் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. கல்லூரியில் பேராசிரியர்கள் பதினாறு பேர் இருக்க வேண்டும். காகிதத்தில் பதினாறு பேரும் இருந்தார்கள்.

"உளவியல் துறைத் தலைவர் டாக்டர் மாசாணியம்மாள்னு ஒருத்தங்க. மேட்டுப்பாளையத்துல பாக்கு மண்டி வெச்சிருக்காங்க. சீசன், வர முடியாதுன்னுட்டாங்க" என்றார். மாசாணியம்மாள் இந்தக் கல்லூரிக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய சான்றிதழ்கள் மட்டும் அலுவலக பீரோவில் முழுநேரம் பணியாற்றின; அதற்கு வருடா வருடம் ஒரு தொகை மேட்டுப்பாளையத்துக்குப் போகும். "உங்களுக்கும் அவங்க வயசுதான் கண்ணு. ஃபோட்டோவும் மங்கிப் போச்சு. ஒரு நாளைக்கு நீங்க மாசாணியம்மாளா இருந்துருங்க."

"நான் அங்க படிக்கற ஸ்டூடன்ட்டுங்க ஐயா."

"அதை வேறொருத்தி பாத்துக்குவா. உங்க பேருக்கு ஒரு புள்ளையைப் போட்டாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்: "முடியாதுன்னா சொல்லிருங்க. கட்டாயமில்லை. ஜூன்ல ஸ்டாஃப் லிஸ்ட் போடறப்ப நானும் யோசிச்சுக்கறேன்."

வீட்டில் மோகன்குமாரிடம், காலேஜில் ஒரு நிகழ்ச்சி, பட்டுச்சேலை கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் சந்தோஷப்பட்டான். போட்ட காசுக்கு ஏதோ நடக்கிறது என்று நினைத்திருப்பான்.

சனிக்கிழமை காலை நான்கு பேருந்துகளில் வராத வகையினர் வந்து இறங்கினார்கள். பலரும் கல்லூரியை அன்றுதான் பார்த்தார்கள். அதன் பெயரை வழியிலேயே மனப்பாடம் செய்திருந்தார்கள். முதல்வர் கோவிந்தராஜுலு மாலையோடு முன்னே போய், தாம் முதல்வராக உள்ள வேறொரு கல்லூரியின் பெயரைச் சொல்லிக் குழுவை வரவேற்றார். குழுத் தலைவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மூக்கைச் சுளித்து, என்ன வாடை என்று மட்டும் கேட்டார். அருகில் இயற்கை வேளாண்மை நடப்பதாக அரங்கசாமி தெரிவித்தார்.

தலைவர் சிறு உரை ஆற்றினார். "நான் இதுவரைக்கும் எத்தனையோ கல்லூரிக்கு ஆய்வுக்குப் போயிருக்கேன். எங்கயும் குறை கண்டதில்லை. குறைன்னு எழுதினா மறுபடி வந்து பார்க்கணும். அதுக்குப் பயணப்படி கிடையாது. ஆனாலும் நாங்க ரொம்பக் கண்டிப்பானவங்க. ஒரு மாதிரி வகுப்பு பார்க்காம சாப்பிட உட்கார மாட்டோம். குழந்தைகளைக் கொண்டு வாங்க, யாராவது ஒரு பேராசிரியர் பாடம் எடுக்கட்டும்."

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆனால் அரங்கசாமி அசரவில்லை. பதினாறு பேராசிரியர்களில் பாடம் நடத்தத் தெரிந்தவள் ஒருத்திதான் என்பதால் மாசாணியம்மாளைக் கைகாட்டினார். பிறகு பள்ளிக்குப் போன் போட்டார். அன்று பள்ளி நடந்துகொண்டிருந்தது. நன்றாகப் படிக்கிற, சொன்னபடி கேட்கிற வகுப்பு எதுவோ அதை வேனில் ஏற்றி அனுப்பச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் யோசிக்கவே இல்லை. ஏழாம் வகுப்பு பி பிரிவை ஏற்றிவிட்டார்கள்.

பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தபோது ப்ரியா மேடையில் நின்றிருந்தாள். பட்டுச்சேலையின் மேல் 'டாக்டர் மாசாணியம்மாள்' என்ற அட்டை தொங்கியது. முன்னால் வந்த பிரத்யுஷாவின் முகம் மலர்ந்தது.

"ஐ, ப்ரியா மிஸ்!"

அரங்கசாமி இருமினார். தலைவர் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

ப்ரியா அந்த ஒரு நொடியில் நினைத்ததெல்லாம் மிகச் சாதாரணமான விஷயங்கள்தான். ஜூன் மாதம், ரசீது, வாங்காமல் போன லேத். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். வாய் அதற்குள் பேசிவிட்டது.

"இல்லீங்க சார். வேற யாரோன்னு நெனச்சுட்டாங்க. நான் மாசாணியம்மாள்."

தலைவர் பிரத்யுஷாவின் பக்கம் குனிந்தார். "ஏம்மா பாப்பா, இவங்க பேர் என்ன, சொல்லு."

பிரத்யுஷா ப்ரியாவைப் பார்த்தாள். கணக்கு வராதபோது பார்க்கிற அதே பார்வை. மிஸ் ஏதாவது குறிப்புக் கொடுப்பார் என்று காத்திருக்கிற பார்வை. ப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியலைங்க சார்" என்றாள் பிரத்யுஷா.

உடனே ஏழாம் வகுப்பு பி பிரிவு முழுவதும் கை தட்டியது. பழக்கம்தான். தலைவர் திடுக்கிட்டார். இது நம் கல்லூரி கண்டுபிடித்த புதிய கற்பித்தல் முறை என்று அரங்கசாமி சொன்னதும் அதைக் குறித்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து கிஷன் கையைத் தூக்கினான். எதிலும் வேகமான பையன். "எனக்குத் தெரியுங்க சார்! டாக்டர் மாசாணியம்மாள் மிஸ். நாங்க இவங்களை இன்னிக்குத்தான் மொதல் தடவை பாக்கறோம்ங்க சார்."

தலைவர் மகிழ்ந்துபோய்த் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

பிறகு ப்ரியா பின்னங்கள் நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள், அதுதான் கேவலம். குழு அசந்துபோய்ப் பார்த்தது. டாக்டர் பட்டம் வாங்கினால்தான் இப்படி நடத்த வரும் என்று தலைவர் முதல்வரிடம் சொன்னார். முதல்வர் தூக்கத்திலேயே தலையாட்டினார். பள்ளிபாளையம் சிக்கன் தயாராகிவிட்ட செய்தி வந்ததும் ஆய்வு நிறைவடைந்தது. வேனில் ஏறும்போது பிள்ளைகள் ப்ரியாவிடம் டாட்டா காட்டவில்லை. காட்டினால் அவளுக்குத் தொந்தரவு வரும் என்று அவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பே கூசியது.

"எப்படி இருந்துச்சு காலேஜு?" என்று கேட்டான் மோகன்குமார்.

"நல்லா இருந்துச்சுங்" என்று சொல்லிவிட்டுச் சேலையை மடிக்கப் போனாள். வீட்டுக்கு வந்தும் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை வருகை எடுத்தாள். "பூஜிதா."

"ப்ரசன்ட் மிஸ்."

பூஜிதாவின் இடம் காலியாக இருந்தது. குரல் கிஷனுடையது.

"கிஷன், பூஜிதா எங்க?"

"அவங்க மாமா ஊட்டுக் கல்யாணத்துக்குப் பெருந்துறை போயிருக்கா மிஸ். அவளுக்காக நான் சொன்னேனுங்க."

"அது பொய்யில்லையா?"

கிஷனுக்குத் துளிகூடப் பயம் இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தான். "சனிக்கெழமை பேனா குடுத்தாங்களே மிஸ்" என்றான்.

ப்ரியா கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் இதே நேரத்தில் யாரோ தன் பெயருக்கு நேராக வருகை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். இவனை எந்த வாயால் கண்டிப்பது?

அப்போது பிரத்யுஷா எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து, வட்டமான கையெழுத்தில் எழுதினாள்: 'மிஸ் பேரு எனக்குத் தெரியும். தெரியலைன்னு சொன்னது பொய்.' எழுதிவிட்டு உட்காரப் போகவில்லை. சாக்பீஸை ப்ரியாவிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அடுத்த ஆளுக்குக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தாள்.

ப்ரியா அதை வாங்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அரங்கசாமி. ப்ரியா சட்டென்று அழிப்பானை எடுத்து, பிரத்யுஷா எழுதியதை அழித்தாள். குழந்தை எழுதிய உண்மையைத் தன் கையாலேயே அழித்தாள்; அதைத் தவிர வேறு விதமாக அதைச் சொல்ல முடியாது.

"கொழந்தைகளா, உங்க மிஸ்ஸுக்கு இந்த மாசத்திலிருந்தே சம்பளம் ஐந்நூறு ஏத்தியிருக்கோம்" என்றார் அரங்கசாமி. "ஏன் தெரியுங்களா? உண்மையா உழைக்கறவங்களை இந்த நிர்வாகம் ஒருநாளும் மறக்காது. எல்லாரும் கை தட்டுங்க."

பிள்ளைகள் ப்ரியாவைப் பார்த்தார்கள். யாரும் தெரியலை என்று சொல்லவில்லையே, எதற்குக் கை தட்டுவது என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் தாளாளரே தட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனார்.

பிரத்யுஷா மறுபடி கரும்பலகைக்குப் போனாள். அதே இரண்டு வரிகளை அதே இடத்தில் எழுதினாள். சாக்பீஸை மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை வாசலில் யாரும் இல்லை.

ப்ரியா வாங்கிக்கொண்டாள். அவள் எழுத்து பள்ளியிலேயே அழகானது. அன்று கோணலாக வந்தது. 'சனிக்கிழமை நான் பொய் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். இப்போது இதை அழித்ததும் அந்தப் பயத்தில்தான்.' எழுதி முடித்தும் பிள்ளைகளின் பக்கம் திரும்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கிஷன் எழுந்து நின்றிருந்தான். கையில் அந்தப் பேனா.

"மிஸ், அப்ப இதை என்ன பண்றதுங்க?"

ப்ரியா பேனாவைப் பார்த்தாள். இன்னும் ஒன்றரை வருடத்தில் அவளுக்கும் ஒன்று தருவார்கள். சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி, முத்திரை குத்திய பட்டம். அதற்காக ஒரு லேத்தைக் கொடுத்திருக்கிறாள்.

"தெரியலை கண்ணு" என்றாள்.

வகுப்பு கை தட்டியது.